இரண்டு பாதியும் நிரபராதி

நீரிணையைக் கடக்கும் படகு
காற்றின் கையெழுத்து இல்லாமல் கிளம்பாது.
இன்று போட்டது, கிறுக்கலாக.
போர்வெனீர் துறையில் இறங்குவதற்குள்
மடிக்கணினிப் பை நெஞ்சில் அறைந்தது
இரண்டு தரம்.

கால்நடை அலுவலகம். தகரக் கூரை. விறகடுப்பு.
எடெல்மிரா வுகாசோவிச்
நாற்காலியைத் திருப்பாமலே சொன்னாள்:
“ஆட்டின் காது எண்ணைத் தட்டுகிறேன்.
பதினொன்றாவது ஆட்டில் விழுகிறது.
நேற்று ஒன்பதாவதில்.
கோளாறு ஆட்டிலா?”

திரையில் ஒரு சாம்பல் பெட்டி
மன்னிப்புக் கேட்டது.
தினமும் கேட்கிறதாம்.
“என் புருஷன்கூட இத்தனை முறை கேட்டதில்லை.”

பிரவுசரின் மூலையில் குட்டிக் குட்டிச் சின்னங்கள்,
சட்டையில் குத்திய ஊக்குகள் மாதிரி,
பதினேழு நீட்சிகள்.
தள்ளுபடி தேடித் தருவது. விளம்பரம் விரட்டுவது.
வேகத்துக்கு ஒன்று,
அந்த வேகத்தை அளக்க இன்னொன்று.
இதெல்லாம் யார் போட்டது?
“தானாக வந்தது” என்றாள்,
வீட்டுக்குள் நுழைந்த பூனையைச் சொல்வதுபோல.

முதலில் எல்லாவற்றையும் அணைத்தேன்.
நூறு ஆடுகள் ஒரு சிராய்ப்பில்லாமல் உள்ளே போயின.
ஆக, ஆள் இந்தப் பதினேழில்தான்.

ஒவ்வொன்றாய் அணைப்பவன் பொறுமைசாலி.
நான் பாதிபாதியாய் வெட்டுகிறவன்;
மணி மூன்று, படகு ஐந்துக்கு.
முதல் எட்டை மட்டும் விட்டு மூடித் திறந்தேன்.
விழவில்லை.
சரி, மீதி ஒன்பதில்.
அவற்றை எழுப்பி, எட்டைத் தூங்கவைத்து,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன்.
இருபது ஆடு. நாற்பது. அறுபது.
விழவில்லை.

பதினேழையும் எழுப்பினேன்.
ஏழாவது ஆட்டில்
சாம்பல் பெட்டி.

பன்னிரண்டு வருஷமாக இதே தொழில்.
இரண்டு பாதியும் நிரபராதி என்றால்
குற்றம் எங்கே குடியிருக்கிறது?

எடெல்மிரா மாத்தேக் கிண்ணத்தை நீட்டினாள்.
“என் மாமியார் நல்லவள்” என்றாள்.
“நானும் நல்லவள்.”

அதுதான்.

எட்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்று.
ஒன்பதையும் விழிக்க விட்டு எட்டை வெட்டினேன்:
நான்கு, இரண்டு, ஒன்று.
அந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு
ஒன்பதை வெட்டத் தொடங்கியபோது
காற்று கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக
ரேடியோ சொன்னது. இன்று படகு இல்லை.
இருட்டிய பிறகு இருவரும் அகப்பட்டார்கள்.

ஒன்று, வெள்ளைப் பக்கங்களைக் கறுப்பாக்குவது.
கண் கூசுகிறது என்று டாக்டர் சொல்லிப் போட்டது.
மற்றது, அமைச்சர் படம் எங்கே வந்தாலும்
அங்கே ஓர் ஆட்டுக்குட்டியை வைப்பது.
மகன் ஸ்வோனிமிர் போட்டது, தேர்தல் சமயத்தில்.

காது எண் பதியும் பக்கத்தின் தலையில்
அமைச்சர் சிரிக்கிறார்.
குட்டி வந்து உட்காரும். கறுப்பு வந்து பூசும்.
பூசியதைப் புதுப் படம் என்று நினைத்து
குட்டி மறுபடி உட்காரும். மறுபடி பூச்சு.
ஒரே உறையில் இரண்டு கத்தி,
நொடிக்கு நூறு தடவை, விட்டுக்கொடுக்காமல்,
நினைவகம் நிரம்பி வழியும்வரை.

“ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம்” என்றேன்.
“புதிய பதிப்பு வந்தால் ஒருவேளை ஒத்துப்போகும்.”
அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்தேன்.

அவள் ரொம்ப யோசிக்கவில்லை.
கறுப்பை நீக்கினாள்.
வெள்ளை முகத்தில் வந்து அறைந்தது.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிராயரைத் துழாவி
ஒரு குளிர்கண்ணாடியை எடுத்து மாட்டினாள்,
ராத்திரி ஏழரை மணிக்கு.
“கண்ணுக்கு இது இருக்கிறது.
அமைச்சருக்கு என்னிடம் என்ன இருக்கிறது?”

பிறகு நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகள்.
பெஞ்சில் மேல்கோட்டைப் போர்த்திப் படுத்தபடி
கேட்டுக்கொண்டிருந்தேன்:
எண்கள், ஒரு தட்டு.
எண்கள், ஒரு தட்டு.
பக்கத்தின் உச்சியில் அந்தக் குட்டி
அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னுடையதில் இருபத்து மூன்று.
எண்ணிவிட்டு
மடிக்கணினியை மூடினேன்.